வார் பிடித்த கையும் ஆற்றங்கரைப் பாதையும்

இங்கிலாந்தின் சிறுநகரங்களில் எந்தப் புத்தகக் கடைக்குள் நுழைந்தாலும், உள்ளூர் நூல்களுக்கென ஒதுக்கப்பட்ட தட்டில் ஒருவகைக் கைந்நூல்களைக் காணலாம். நாயை அழைத்துக்கொண்டு நடப்பதற்கு உகந்த வழிகள் என்பதே அவற்றின் பொருள். எத்தனை மைல் தூரம், வேலி தாண்டும் கடவைகள் எத்தனை, மாடுகள் மேயும் வயல் எது, நாய் தண்ணீர் குடிப்பதற்கு வசதியான இடம் எது, நடை முடிந்தபின் நாயையும் உள்ளே அனுமதிக்கும் மதுச்சாலை எது என்பனவெல்லாம் அவற்றில் நுணுக்கமாகக் குறிக்கப்பட்டிருக்கும். எமது நாட்டில் இப்படியொரு நூல் வெளிவந்தால் அதை எழுதியவரின் மனநிலை குறித்தே நாம் ஐயம் கொள்வோம்!

அந்நூல்களை நான் கேலி செய்வதாக வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். உறவினரைப் பார்க்க இங்கிலாந்து சென்ற வேளைகளில் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பல நாட்கள் நடந்திருக்கிறேன். என்னை உறுத்துவது "உகந்த" என்ற அந்த ஒரு சொல்தான். நாய்க்கு உகந்த பாதை என்பதை, நாயைக் கட்டவிழ்த்து விடக்கூடிய பாதை என்றே பலரும் பொருள் கொள்கின்றனர். அது தவறான பொருள் என்பதும், அந்தத் தவறு தொடர்ந்தால் அப்பாதைகளில் நாய்க்கு இடமில்லாமற் போகும் என்பதும் எனது கருத்து.

ஓரிடத்தை முன்வைத்துப் பேசினால் விளங்கும். இலண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து நோரிச் செல்லும் புகையிரதத்தில் ஏறினால், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மானிங்ட்ரீ என்னும் நிலையத்தில் இறங்கலாம். எசெக்ஸ், சஃபோக் ஆகிய இரு மாவட்டங்களுக்கும் எல்லையாக ஓடும் ஸ்டூர் ஆறு அங்குதான் கடலோடு கலக்கத் தொடங்குகிறது. நிலையத்திலிருந்து சதுப்பு நிலத்தின் ஓரமாக, வெள்ளத்தைத் தடுக்க எழுப்பிய அணைவரம்பின் மேல் மூன்று கிலோமீற்றர் அளவில் நடந்தால் பிளாட்ஃபோர்ட் என்னும் சிற்றூர். அங்கிருந்து ஆற்றை ஒட்டியே மேலும் இரண்டு மூன்று கிலோமீற்றர் சென்றால் டெடம் கிராமம். மலையுமில்லை, மூச்சுவாங்கும் ஏற்றமுமில்லை. எமது ஊர்த் தரவைகளை நினைவூட்டும் தாழ்ந்த புற்றரை. ஆனால் மாரியில் மட்டும் பச்சை காட்டிப் பின் வெட்டையாகிப் போகும் தரவையல்ல, ஆண்டு முழுவதும் ஈரம் காயாத தரவை.

இந்தப் புற்றரைகளை உலகறியச் செய்தவர் ஜோன் கொன்ஸ்டபிள். (பொலிஸ் கொன்ஸ்டபிள் அல்லர், ஓவியர்!) 1776இல் இதன் அருகிலுள்ள ஈஸ்ட் பேர்கோல்ட்டில் பிறந்தவர். பிளாட்ஃபோர்ட்டிலுள்ள மாவாலை அவருடைய தந்தையாரின் உடைமையாக இருந்தது. 1821இல் அவர் வரைந்த "த ஹே வெய்ன்" என்ற ஓவியம் இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. ஆற்றுக்குள் இறங்கி நிற்கும் வண்டியையும் கரையிலுள்ள வீட்டையும் எல்லோரும் பார்ப்பர். ஓவியத்தின் முன்புறத்தில், கரையோரமாக நின்று அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறிய நாயைப் பலர் கவனிப்பதில்லை. டெடம் பள்ளிக்கூடத்துக்குச் சிறுவனாக அவர் நடந்துபோன ஒழுங்கையை 1826இல் "த கோர்ன்ஃபீல்ட்" என்ற ஓவியமாகத் தீட்டினார்; அதிலும் ஆடுகளோடு ஒரு நாய் உண்டு. அந்த ஒழுங்கையில் இன்றும் நடக்கலாம். இருநூறு ஆண்டுகளாக அந்தப் பாதையில் மனிதனும் நாயும் சேர்ந்தே போகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கிரிக்கெட் பித்துக் கொண்ட வாசகர்களுக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிரிக்கெட் மட்டை செய்யும் வில்லோ மரங்கள் பெருமளவில் வளர்க்கப்படுவது இந்த எசெக்ஸ், சஃபோக் மாவட்டங்களின் நீரோரங்களிலேதான். பதினைந்து இருபது ஆண்டுகள் வளர்த்து வெட்டுகிறார்கள். கொழும்பிலும் சென்னையிலும் சதமடிக்கும் மட்டைகள் பலவற்றின் வேர் இந்தச் சேற்றில்தான் இருந்தது.

இப்பாதையில் நடப்பதற்குக் கட்டணமில்லை, அனுமதிச் சீட்டில்லை. இருபுறத்து நிலமும் யாரோ ஒருவருடைய உடைமை. ஆனால் பாதை பொதுமக்களுடையது. இங்கிலாந்திலும் வேல்சிலும் இவ்வாறு சட்டப்படி பொதுவழியாக இருப்பவை ஏறக்குறைய 2,25,000 கிலோமீற்றர். 1949ஆம் ஆண்டுச் சட்டம் இப்பாதைகளையெல்லாம் வரைபடத்தில் பதியும் கடமையை உள்ளூராட்சி மன்றங்களுக்கு விதித்தது. அதற்கு முன்னர் நடந்த போராட்டங்கள் பல. 1932 ஏப்ரல் 24ஆம் திகதி கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலத்தில் தொழிலாளர்கள் கூட்டமாக அத்துமீறி நடந்ததும், ஐவர் சிறை சென்றதும் அவற்றுள் பெயர்பெற்றது. பொதுவழியில் நடப்பவர் வழமையாகத் தம்மோடு கொண்டுசெல்பவற்றையும் கொண்டுசெல்லலாம். குழந்தையின் தள்ளுவண்டி அதில் அடங்கும், நாயும் அடங்கும்.

பாதைகள் அடைபட்டுக் கிடந்த மண்ணிலிருந்து போன ஒருவனுக்கு இது சாதாரண செய்தியன்று. 1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்குத் தம் வீட்டு ஒழுங்கையே கால் நூற்றாண்டுக்கும் மேலாக அந்நிய நிலம். பலாலி வீதியில் இராணுவ வலயத்துக்குள் கிடந்த பகுதி 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டபோது, ஒரு வீதி திறப்பதே முதற்பக்கச் செய்தியாயிற்று. வன்னியில் கண்ணிவெடி அகற்றும் பணியில் மோப்ப நாய்களும் ஈடுபடுத்தப்பட்டமை பலருக்கு நினைவிருக்கலாம். அங்கே வாரில் கட்டிய நாய் முன்னே சென்று மோப்பம் பிடித்த பிறகே மனிதன் கால்வைத்தான். பாதை என்பதன் பெறுமதி எமக்குத் தெரியும்.

தெரிந்திருந்தும் எம்மவர்களை அந்த ஆற்றங்கரையில் நான் கண்டது மிகக் குறைவு. ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் முப்பது நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் கனடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள இந்தப் புற்றரையை மிதித்ததில்லை. இது தமிழரின் குறை மட்டுமன்று. தேசியப் பூங்காக்களையும் இத்தகைய நிலப்பரப்புகளையும் ஆராய்ந்த குளோவர் அறிக்கை 2019இல் வெளிவந்தபோது, சிறுபான்மை இனத்தவர் அங்கு வருவது குறைவு என்பதை அதுவும் எடுத்துக்காட்டியது. ஆனால் அறிக்கை எழுதுவோருக்குப் புலப்படாத ஒரு காரணம் எம்மிடம் உண்டு. அது நாய்.

பிரித்தானியாவில் நாய்களிடையே விசர்நோய் இல்லை. அங்கு பிறந்து வளர்ந்தவனுக்குத் தன்னை நோக்கி ஓடிவரும் நாய் ஒரு விளையாட்டுப் பொருள். எமது தலைமுறைக்கோ அது ஆஸ்பத்திரியும் ஊசியும். சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் குடும்பத்தோடு டெடம் புற்றரையில் நடந்துகொண்டிருந்தபோது, பெரிய லப்ரடோர் ஒன்று சேற்றோடு பாய்ந்தோடி வந்தது. எழுபது வயதைக் கடந்த மாமி அப்படியே விறைத்துப்போய் நின்றுவிட்டார். தூரத்தில் வந்த நாயின் சொந்தக்காரர் முகமலர்ச்சியோடு கையை ஆட்டி, அது ஒன்றும் செய்யாது, நட்பான நாய் என்றார். மகள் அதைத் தமிழில் சொன்னதும் மாமி கேட்டார்: "அது அவருக்குத் தெரியும் பிள்ளை, எனக்கெப்பிடித் தெரியும்?" அந்தக் கேள்விக்கு அந்தக் கனவானிடம் பதில் இருந்திருக்காது. அதற்குப் பின் மாமியை எவராலும் அப்பக்கம் அழைத்துச்செல்ல முடியவில்லை. கட்டவிழ்ந்த ஒரு நாய், பொதுப்பாதை ஒன்றை ஒரு மூதாட்டிக்கு மூடிவிட்டது.

காலமும் மாறுகிறது. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைப்பதைப் பழமொழி சொல்லிப் பழித்த எமது வீடுகளில், இன்று பேரப்பிள்ளைகளின் நாய் உண்மையாகவே நடுவீட்டில்தான் படுத்திருக்கிறது. நாயோடு நடப்போர் வரிசையில் இனி நாமும் இருக்கப்போகிறோம். ஆகவே இது வெள்ளைக்காரனுக்குச் சொல்லும் புத்திமதி மட்டுமன்று.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பலர் அரைகுறையாகவே அறிந்துள்ளனர். பொதுவழியில் நாயை எப்போதும் வாரில்தான் கட்ட வேண்டும் என்ற பொதுவிதி இல்லை. அருகே, கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். ஆனால் உரிமை அந்தப் பாதை என்னும் கோட்டுக்கு மட்டுமே உரியது. இருபுறப் புற்றரையிலும் புகுந்து ஓடுவதற்கு நாய்க்கும் உரிமையில்லை, நாயின் சொந்தக்காரருக்கும் உரிமையில்லை. மேட்டுநிலங்கள், தரிசுகள், பொது மேய்ச்சல் நிலங்கள் ஆகியவற்றில் விரும்பியவாறு நடப்பதற்கு 2000ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையளித்தது. அங்கேயும் மார்ச் 1 முதல் யூலை 31 வரை இரண்டு மீற்றருக்கு மேற்படாத வாரில் நாயைக் கட்டியாக வேண்டும்; கால்நடைகளுக்கு அருகில் ஆண்டு முழுவதும் கட்ட வேண்டும். செம்மறிகள் நிற்கும் வயலில் நாயைக் கட்டுப்பாடின்றி அலையவிடுவதே 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகலாம்.

மார்ச் முதல் யூலை வரை என்பது எதற்காக? நிலத்தில் முட்டையிடும் பறவைகளுக்காக. ஈரப் புற்றரைகளில் முட்டையிடும் ஆக்காட்டி எமக்குப் புதிய பறவையன்று. எமது ஆக்காட்டிக்கு முகத்தில் சிவப்புத் தசை. அங்குள்ளதற்குத் தலையில் மெல்லிய கொண்டை. முட்டையையும் குஞ்சையும் காக்கக் கத்திக்கொண்டு எழும்புவதில் இரண்டும் ஒன்றே. இதன் தவிப்பைப் பாட்டாகவே பாடி வளர்ந்தவர்கள் நாம். பிரித்தானியாவில் அது 2009 முதல் செம்பட்டியலில் இருக்கிறது. இதற்கு முதற் காரணம் நாயல்ல; சதுப்பு வடிக்கப்பட்டதும் வேளாண்முறை மாறியதுமே. ஆயினும் எஞ்சியிருப்பது கொஞ்சமாகும்போது அந்தக் கொஞ்சத்தின் நடுவே ஓடும் நாய் பெரிய காரணமாகிவிடுகிறது. நாய் முட்டையைத் தின்ன வேண்டியதில்லை. தாய்ப்பறவையை எழுப்பிவிட்டாலே போதும். குளிர்காற்றும் காகமும் மீதியைச் செய்துவிடும்.

குளிர்காலத்தில் ஆபத்து வேறு. ஸ்டூர் ஆற்றின் கழிமுகச் சேற்றில் ஐஸ்லாந்திலிருந்து கருவால் மூக்கன்கள் வந்து இரைதேடுகின்றன. இதே இனப் பறவையை மன்னார் வங்காலையில் கூட்டங்கூட்டமாகக் காணலாம். ஆனால் அவை ஆசியாவின் வடபுலத்திலிருந்து வருபவை. வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஸ்டூர் கழிமுகமும் ராம்சார் நிலமே. வற்று நேரத்தில் மட்டும் தீன் கிடைக்கும் இப்பறவைகளை ஒவ்வொரு நாயும் ஒருமுறை எழுப்பினால், நாளொன்றுக்கு எத்தனை முறை அவை பறந்து களைக்க வேண்டும் என்பதை எண்ணிப்பார்க்கலாம்.

மாடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கன்றுடன் நிற்கும் பசு, நாயைக் கண்டால் ஓநாயைக் கண்டதுபோல் எதிர்க்கும். முன்னாள் உள்துறை அமைச்சர் டேவிட் பிளங்கெட் பார்வையற்றவர். 2009 யூனில் தமது வழிகாட்டி நாயுடன் நடந்துகொண்டிருந்தபோது பசுவொன்று அவரைத் தாக்கியதில் விலா எலும்பு முறிந்தது. மாடுகள் துரத்தினால் வாரை விட்டுவிட வேண்டும் என்பதே அங்கு தரப்படும் அறிவுரை. நாய் ஓடித் தப்பும், மாடும் உங்களை விட்டு நாயின் பின்னே போகும். கட்டு கட்டு என்று எழுதிக்கொண்டே வரும் நான் அவிழ்த்துவிடச் சொல்லும் ஒரே இடம் இதுதான்.

இனி ஆற்றுக்கு வருவோம். இங்கேதான் நாய்ப்பிரியர்கள் என்னோடு கோபிக்கக்கூடும். நாய்க்குத் தெள்ளும் உண்ணியும் பற்றாதிருக்க, மாதந்தோறும் கழுத்தின் பின்புறம் சில துளி மருந்து இடும் வழக்கம் உண்டு. ஃபிப்ரொனில், இமிடாகுளோபிரிட் என்னும் பூச்சிக்கொல்லிகளே அம்மருந்துகள் பலவற்றில் உள்ளவை. வயல்களில் தெளிப்பதற்கு இவை தடைசெய்யப்பட்டுவிட்டன. நாயின் முதுகில் இடுவதற்குத் தடையில்லை. 2016 முதல் 2018 வரை இங்கிலாந்தின் 20 ஆறுகளில் எடுத்த நீர் மாதிரிகளைச் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசீலித்து 2020இல் வெளியிட்ட முடிவின்படி, 98 சதவீத மாதிரிகளில் ஃபிப்ரொனில் இருந்தது. 66 சதவீதத்தில் இமிடாகுளோபிரிட் இருந்தது. நாயைக் குளிப்பாட்டும் நீரும் ஆற்றில் நீந்தும் நாயும் இவற்றைத் தண்ணீரில் சேர்க்கின்றன. அதே பல்கலைக்கழகத்தார் நாய், பூனைகளின் உதிர்ந்த மயிரை மெத்தையாக இட்ட 103 பறவைக் கூடுகளை ஆராய்ந்து 2025இல் எழுதியது இன்னும் கவலை தருவது. ஒரு கூடு விடாமல் எல்லாவற்றிலும் ஃபிப்ரொனில்! ஆற்றுப்பூச்சி செத்தால் அதைத் தின்னும் மீனுக்கும் பறவைக்கும் என்ன கிடைக்கும்? கொன்ஸ்டபிளின் நாய் ஆற்றில் இறங்கியபோது அதன் முதுகில் இந்த நஞ்சு இருக்கவில்லை.

மருந்தே இட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெள்ளு இருக்கிறதா என்று பார்த்து, மிருக வைத்தியரைக் கேட்டு, தேவையானபோது இடலாம். இட்ட பிறகு நாயை ஆற்றில் இறக்காமல் இருக்கலாம். மாதம் பிறந்தால் மருந்து என்பது நோய்க்கான சிகிச்சையன்று, வியாபாரம்.

நாயின் மலத்தைப் பையில் எடுப்பது நாகரிகத்துக்காக மட்டும் என்று நினைப்போரும் உளர். பெல்ஜியத்தின் கென்ட் நகரை அண்டிய இயற்கைக் காப்பிடங்களில் செய்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. அங்கு நாய்கள் ஆண்டுதோறும் ஹெக்டெயர் ஒன்றுக்கு ஏறக்குறைய 11 கிலோகிராம் நைதரசனும் 5 கிலோகிராம் பொசுபரசும் இட்டுச்செல்கின்றன என்று கணக்கிட்டார்கள். வயலுக்கு உரம் நல்லது. பூக்கள் மலியும் ஈரப் புற்றரைக்கு அதுவே கேடு. உரமேறினால் முரட்டுப்புல் எழுந்து மெல்லிய பூண்டுகளை அமுக்கிவிடும். மலத்தை எடுத்துவிட்டாலே பொசுபரசு அநேகமாக முழுவதும் நீங்கிவிடும் என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. மறுபுறம், உரம் கரைந்த நீரில் கோடையில் படரும் நீலப்பச்சைப் பாசி நாயையே கொல்ல வல்லது. அந்த உரத்தில் பெரும்பங்கு வயல்களிலிருந்தும் கழிவுநீர்க் குழாய்களிலிருந்தும் வருவது. கழிவுநீரை ஆற்றில் விடும் பெருநிறுவனங்களை விட்டுவிட்டு நாயைக் குற்றம் சொல்வதா என்று கேட்டால், கேள்வி நியாயமானதே. அந்த நிறுவனங்களை எதிர்த்துப் பேசப்போகிறவர் முதலில் தமது கையிலுள்ள பையைக் கட்டிக்கொண்டு பேசினால் இன்னும் உரத்துப் பேசலாம்.

இவற்றையெல்லாம் காட்டி, ஈரநிலங்களிலிருந்து நாய்களை அடியோடு விலக்க வேண்டும் என்று சொல்லும் பறவை ஆர்வலர்கள் சிலரைச் சந்தித்திருக்கிறேன். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாதை என்பது நடப்பாரில்லாவிட்டால் புதர்மூடிப் போகும். தை மாத மழையிலும், மாலை நான்கு மணிக்கே இருளும் நாட்களிலும் அந்த அணைவரம்பில் நடப்பவர்கள் யார்? ஓவியம் பார்க்க வருபவர்கள் அல்லர், நாய் வைத்திருப்பவர்களே. கடவைப் பலகை உடைந்தால் மன்றத்துக்கு முறையிடுவது அவர்கள். நிலச்சொந்தக்காரர் கம்பி கட்டினால் முதலில் காண்பதும் அவர்களே. வரைபடத்தில் பதியப்படாத பழைய பாதைகளைப் பதிவதற்கு 2026 சனவரி 1 கடைசி நாள் என்று 2000ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. பின்னர் அது 2031க்குத் தள்ளிப்போடப்பட்டது. அந்தக் காலக்கெடுவையே நீக்கப்போவதாக அரசாங்கம் 2024 டிசெம்பரில் அறிவித்தது. இந்த இழுபறி முழுவதிலும் ஒரு பாதை பாதைதான் என்று நிறுவுவதற்குப் பழைய ஆவணங்களோடு உதவக்கூடியது, ஆண்டாண்டாக அதில் நடந்தவர்களின் சாட்சியம். நாயோடு நடப்பவரை அப்பால் அனுப்பிவிட்டால் அந்தச் சாட்சி யார்?

தனிமையில் வாடும் எமது முதியோருக்கு வீட்டுப் படலையைத் திறந்து வெளியே போவதற்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது. மருத்துவர் சொன்னால் இரண்டு நாள் நடப்பார்கள். வீட்டில் நாய் இருந்தால் ஆண்டு முழுவதும் நடப்பார்கள். நாய்க்கு அஞ்சும் மாமிக்கும் நாயை வளர்க்கும் பேரனுக்கும் ஒரே பாதைதான் இருக்கிறது. இரண்டு மீற்றர் வார் ஒன்றினால் அது இருவருக்கும் போதுமானதாகும்.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். ஆவணி முடிந்து புரட்டாதி பிறக்கும் வேளை நல்லது. குஞ்சுகள் பறந்துவிட்டிருக்கும், நிலமும் ஓரளவு காய்ந்திருக்கும். மாரியில் போனால் முழங்கால் வரை வரும் றப்பர்ச் சப்பாத்து வேண்டும். நாயைப் புகையிரதத்தில் கொண்டுசெல்லத் தடையில்லை, வாரில் கட்டியிருந்தால். பிளாட்ஃபோர்ட்டில் தேநீர் கிடைக்கும். நாய்க்குத் தண்ணீரை வீட்டிலிருந்தே போத்தலில் எடுத்துச் செல்லுங்கள். கோடையில் ஆற்றுநீரைக் குடிக்கவிட வேண்டாம்.